குவில்ட் அடுக்க ஊக்கா, ஒட்டும் ஸ்ப்ரேயா?

பருத்திப்பூ

60-க்கு 90 அங்குலத்தில் ஒற்றைக் கட்டில் குவில்ட், அதாவது மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. மேல்துணி தைத்து இஸ்திரி போட்டு வைத்தாகிவிட்டது. மேலும் கீழும் பருத்தித் துணி. நடுவில் வைக்கும் பஞ்சுத் தகடு 80/20 பேட்டிங், அதாவது 80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியஸ்டர். வீட்டு மெஷினில்தான் தையல். உள்ளே வாக்கிங் ஃபுட் (மேல் அடுக்கையும் அடி அடுக்கையும் சேர்த்தே நகர்த்தும் பாதம்) போட்டு நேர்கோடு, பார்டரில் மட்டும் ஃப்ரீ மோஷன், அதாவது துணியைக் கையால் நகர்த்தித் தைப்பது.

மூன்று அடுக்கும் நகராமல் இருக்க ஊக்கு குத்துவதா, ஒட்டும் ஸ்ப்ரே அடிப்பதா என்பதுதான் கேள்வி. ஸ்ப்ரே அடித்தால் ஊசியில் பிசின் ஏறும், கறை நிற்கும் என்று சிலர். இனி ஊக்கையே தொடாதே என்று சிலர். அளவோடும் காரணத்தோடும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

நூல்கண்டு

உங்கள் குவில்டுக்கு ஸ்ப்ரே ஒத்துவரும். துணி பருத்தி, தண்ணீரில் துவைக்கலாம், தையல் மெஷினில், பேட்டிங்கிலும் பருத்திதான் அதிகம். இவற்றில் ஒன்று மாறினாலும் என் பதில் மாறும்.

ஊக்குக் கணக்கை முதலில் பாருங்கள். 4 அங்குலத்துக்கு ஒன்று என்றால் அகலத்தில் 15, நீளத்தில் 22, மொத்தம் 330. நெருக்கி 3 அங்குலத்துக்கு ஒன்று குத்தினால் 600. அத்தனையையும் மாட்டிவிட்டு, தைக்கத் தைக்க நிறுத்தி நிறுத்திக் கழற்றவும் வேண்டும். நீளமாக ஒரே ஓட்டமாகப் போகவேண்டிய கோடு ஒவ்வொரு ஊக்கிலும் நிற்கும். நின்று கிளம்பும் இடத்தில் தையல் சிறுத்துப் போகும். நேரம் மிச்சமாவதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஊக்கு புள்ளி புள்ளியாகப் பிடிக்கிறது, ஸ்ப்ரே பரப்பு முழுவதையும் பிடிக்கிறது. இரண்டு ஊக்குக்கு நடுவில் துணி தன் இஷ்டத்துக்கு இருக்கும். சுருக்கம் விழுவது எப்போதும் அந்த இடத்தில்தான்.

துணி அளவு: பின்துணி ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக, 66-க்கு 96. பேட்டிங் பக்கத்துக்கு 2 அங்குலம் கூடுதலாக, 64-க்கு 94. 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) பின்துணி எடுத்தால் இரண்டு நீளம் சேர்த்துத் தைக்க வேண்டும், 5 மீட்டர் வாங்குங்கள். இணைப்புத் தையலை அரை அங்குலம் விட்டுத் தைத்து, இரண்டு பக்கமும் பிரித்து இஸ்திரி போடுங்கள். ஒரே பக்கம் மடித்தால் அந்த மேட்டில் ஸ்ப்ரே சரியாகப் பிடிக்காது.

இனி முறை. பின்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். முதலில் நான்கு பக்கத்தின் நடு, அப்புறம் மூலைகள், பிறகு இடைவெளிகள். துணி சமமாகக் கிடக்க வேண்டும், ஆனால் இழுபடக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்பும். ஒட்டிய பேட்டிங் கூடவே வரும். அடியில் சின்னச் சின்ன அலையாக நிற்கும். பலரும் ஸ்ப்ரே மேல் போடும் பழியில் பாதி இந்த இழுப்பால் வருவதுதான்.

பேட்டிங்கை மேலே விரித்து உள்ளங்கையால் தடவி விடுங்கள். இப்போது ஒரு பாதியை மட்டும் நடுக்கோடு வரை மடித்துச் சுருட்டுங்கள். டப்பாவை நன்றாகக் குலுக்கி, 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டி, நடுக்கோட்டை ஒட்டி 45 செ.மீ. அகலத்துக்கு மட்டும் அடியுங்கள். அந்தப் பட்டையின் மேல் பேட்டிங்கை உருட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி ஒட்டுங்கள். அடுத்த 45 செ.மீ. அப்படியே. ஒரு பாதி முடிந்ததும் மறுபாதி. பிறகு மேல்துணியை வைத்து இதே வேலை. முழுப் பரப்புக்கும் ஒரே தடவையில் அடித்துவிட்டு 90 அங்குலப் பேட்டிங்கைத் தனி ஆளாகத் தூக்கிப் போட்டால் கோணலாகத்தான் விழும்.

எவ்வளவு அடிப்பது? தொட்டால் விரலில் லேசாகப் பிடிக்க வேண்டும், ஈரம் தெரியக் கூடாது. துணி நிறம் மாறி நனைந்த மாதிரித் தெரிந்தால் அது அதிகம். 500 மி.லி. டப்பா ஒன்று இந்த அளவில் மூன்று குவில்டுக்குக் காணும். கை தாராளமானால் இரண்டோடு முடிந்துவிடும்.

ஊசிமுனை

நூல்கண்டு சொன்ன முறை சரி. ஆனால் ஊக்கை இவ்வளவு சுலபமாக ஒதுக்க வேண்டாம். ஊக்கில் வாசனை இல்லை, தீப்பிடிக்காது, தீர்ந்து போகாது. ஒருமுறை வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். குழந்தைக்கு வீசிங் இருக்கிற வீடு, ஜன்னல் ஒன்றே ஒன்று இருக்கிற வீடு என்றால் பேச்சே இல்லை, ஊக்குதான்.

ஊக்குக் குத்திச் சலித்தவர்கள் பெரும்பாலும் தப்பான ஊக்கை வைத்துக் குத்தியவர்கள். புடவைக்குக் குத்தும் நேரான ஊக்கு இதற்கு ஆகாது. முனையை மேலே எடுக்கும்போது மூன்று அடுக்கையும் சேர்த்துத் தூக்கும், அடியில் பின்துணி மடிந்து மாட்டும். குவில்டுக்கென்று வளைந்த ஊக்கு விற்கிறார்கள். கம்பி கீழே இறங்கி, தானே மேலே ஏறும். துணி தரையை விட்டு எழும்பாது. பித்தளை அல்லது நிக்கல் பூசியதாக, கம்பி மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். கம்பி தடித்தால் ஓட்டை நிற்கும்.

உள்ளங்கையை விரித்து வைத்தால் எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரு ஊக்கு கையில் தட்டுப்பட வேண்டும். அந்த நெருக்கம் போதும். நடுவிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். எல்லாவற்றையும் குத்தி முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகப் பூட்டுங்கள். குத்தக் குத்தவே பூட்டினால் துணி சிறிது சிறிதாக நகரும். பூட்டுவதற்கு டீ ஸ்பூன் ஒன்று இடது கையில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பில் ஊக்கின் முனையை ஏற்றித் தூக்கினால் விரல் நோகாது. தையல் கோடு எங்கே வருமென்று முன்பே சுண்ணக்கட்டியால் குறித்து, அந்தக் கோட்டை விட்டு ஒரு அங்குலம் தள்ளிக் குத்துங்கள். ஊக்கின் மேல் மெஷினை ஓட்டவே ஓட்டாதீர்கள். ஊசி உடையும், அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியின் நேரம் தப்பும்.

தரையில் உட்கார முடியாதவர்கள் சாப்பாட்டு மேஜையில் செய்யலாம். மேஜையின் நீள அகல நடுவில் ஒரு தீக்குச்சியை டேப் போட்டு ஒட்டினால், மூன்று துணியின் நடுவையும் தடவிப் பார்த்தே பொருத்திவிடலாம். ஓரங்களைப் பெரிய பைண்டர் கிளிப்பால் மேஜையோடு பிடியுங்கள். மேஜை அளவுக்கு வேலை முடிந்ததும் கிளிப்பை எடுத்து, நகர்த்தி, மறுபடி பிடித்துத் தொடரலாம்.

ஒரு எச்சரிக்கை. கடற்கரை ஊர்களில் ஊக்குக் குத்திய குவில்டை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவிடாதீர்கள். உப்புக் காற்றில் பூச்சு தேய்ந்த ஊக்கு துருப்பிடிக்கும், அந்தப் பழுப்புக் கறை பருத்தியை விட்டுப் போகாது.

திருப்பூர்_எம்ப்ராய்டரி

எந்த ஸ்ப்ரே என்று யாருமே சொல்லலீங்க. அங்கேதான் பெரிய தப்பு நடக்குது.

ஒட்டும் ஸ்ப்ரேன்னு கடையில கேட்டா மூணு ரகம் கொடுப்பாங்க. ஒண்ணு, ஃபோம், ரெக்சின், கார் சீட் ஒட்டறது. இது நிரந்தரப் பிசின், காய்ஞ்சா இறுகிடும், துவைச்சா போகாது, நாளாக ஆக மஞ்சளிக்கும். குவில்டுக்கு அறவே கூடாது. ரெண்டு, ஸ்க்ரீன் பிரிண்டிங்ல டி-சர்ட் நகராம இருக்க பலகை மேல அடிக்கறது. எங்க ஊர்ல இது சுலபமா, விலை கம்மியா கிடைக்குது. ஆனா அது பலகையில தங்கறதுக்குன்னு செஞ்ச பிசின், பிடி ஜாஸ்தி. துணிக்கு நடுவுல அடிச்சா ஊசிக்கு வேலை வைக்கும். மூணாவதுதான் நமக்கு வேணுங்கறது: துணிக்கான தற்காலிக ஸ்ப்ரே. எடுத்து மறுபடி ஒட்டலாம், துவைச்சா போயிடும்னு டப்பாவிலேயே எழுதியிருக்கும். எம்ப்ராய்டரி மெஷின்ல ஸ்டெபிலைசர் (துணி இழுபடாம அடியில வைக்கற தாள்) மேல துணியை ஒட்டறதுக்கும் இதேதான். பிரான்ஸ் கம்பெனி ஓடிஃப் போடற 505 பரவலா புழங்குது, 250, 500 மி.லி.ன்னு ரெண்டு அளவு. சல்கி கம்பெனியோட கேகே 2000-மும் இதே வேலைக்குத்தான். அது சில நாள்ல தானே ஆவியாகிடற ரகம், ஒட்டிட்டு வாரக்கணக்குல வைக்கற குவில்டுக்கு ஆகாதுங்க.

எந்த டப்பாவா இருந்தாலும் கழிவுத் துணியில ஒரு சோதனை போடுங்க. ஒரு சாண் சதுரத்துல மூணு அடுக்கும் ஒட்டி, நாலு கோடு தைச்சு, ஒரு ராத்திரி விட்டுத் துவைச்சுக் காயப்போடுங்க. வெளிர் நிறத்துலயும் அடர் நிறத்துலயும் தனித்தனியா. கறை, மொடமொடப்பு ரெண்டும் இல்லைன்னா தைரியமா இறங்கலாம்.

சிங்கப்பூர், துபாய்ல இருந்து வர்றவங்ககிட்ட வாங்கிட்டு வரச் சொல்லாதீங்க. எரியக்கூடிய வாயு அடைச்ச இந்த மாதிரி ஸ்ப்ரேக்களைப் பயணிகள் விமானத்துல கைப்பையிலயும் கொண்டு வரக் கூடாது, பெட்டியிலயும் போடக் கூடாது.

பருத்திப்பூ

மூவருக்கும் நன்றி. வீட்டு ஹாலில் குவில்டை விரித்தால் சுற்றி நடக்க ஓரடி இடம்தான் மிஞ்சும். ஹாலை ஒட்டியே பூஜை அலமாரி. மொட்டை மாடியில் அடிக்கலாமா? பேட்டிங்கில் அடிப்பதா, துணியில் அடிப்பதா என்பதும் தெளிவாகவில்லை.

நூல்கண்டு

பூஜை அலமாரி என்றதும் இதை முதலில் சொல்ல வேண்டும். விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், பக்கத்து அடுப்படியில் காஸ் ஸ்டவ், எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இந்த டப்பாக்களில் பெரும்பாலும் எரியும் வாயுதான் உந்து வாயு. அது காற்றைவிடக் கனம், தரையோடு படிந்து பரவும். தரையில் வைத்த விளக்கு அதனால்தான் மேஜையில் இருப்பதைவிட ஆபத்து. அடித்து முடித்த உடனே ஏற்றிவிடவும் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்து வாசனை முழுக்கப் போன பிறகு ஏற்றுங்கள்.

அடிக்கும் நேரத்தில் மட்டும் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஃபேன் ஓடினால் பாதி மருந்து சுவரிலும் டிவியிலும் போய் உட்காரும். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். துணிக்கு வெளியே இரண்டடி வரை பழைய பெட்ஷீட் விரியுங்கள், செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். டைல்ஸில் விழுந்த பிசின் நடக்கும் காலில் ஒட்டும், தூசியை இழுக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் அன்றே துடைத்துவிடுங்கள். முகக்கவசம் போடுங்கள். அது துளிகளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது, அதனால் கவசம் இருக்கிறதே என்று ஜன்னலை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள்.

மொட்டை மாடி நல்ல யோசனைதான், காற்றில்லாத காலை வேளையில். வெயில் ஏறிய தளத்தில் டப்பாவை வைக்கவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடானால் வெடிக்கும் என்று டப்பாவிலேயே எச்சரிக்கை இருக்கும். சித்திரை வெயிலில் கான்கிரீட் தளமும் பூட்டிய காரும் அதைத் தாண்டும்.

எதில் அடிப்பது? பேட்டிங்கில். பஞ்சு துளிகளை வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் கூடினாலும் துணியின் வெளிப்பக்கம் வந்து தெரியாது. மெல்லிய வெள்ளைத் துணியின் மேல் நேராக அடித்தால் புள்ளி புள்ளியாக ஊறித் தெரிய வாய்ப்பு உண்டு.

திருப்பூர்_எம்ப்ராய்டரி

இதுல நான் மாறுபடறேங்க. பேட்டிங் புசுபுசுன்னு இருந்தா, குறிப்பா உப்பலான பாலியஸ்டர்ல, அடிச்ச மருந்து இழைக்குள்ள இறங்கிப் போயிடும், துணி தொடற மேல் நுனியில ஒண்ணும் மிஞ்சாது. அப்ப துணியோட உள்பக்கம்தான் அடிக்கணும், அதுவும் லேசா ரெண்டு தடவை. 80/20 மாதிரி, ஊசியால குத்தி இழையைப் பிணைச்ச தட்டையான பேட்டிங்னா நூல்கண்டு சொன்னதே சரி.

நூல்கண்டு

ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்னது தட்டையான பருத்திப் பேட்டிங்குக்கு மட்டும். உப்பலான பாலியஸ்டரில் ஸ்ப்ரேயே அரைகுறைதான். அதற்கு நான் ஊக்கைத்தான் சொல்வேன்.

உதிரிப் பஞ்சை ரஜாய் (பஞ்சு அடைத்த வடநாட்டுப் போர்வை) மாதிரிப் பரப்பி ஸ்ப்ரே அடிக்க நினைக்கிறவர்களும் உண்டு. இலவம் பஞ்சோ, வில்லடித்த பருத்தியோ, இழைகள் ஒன்றோடு ஒன்று பிணையாமல் உதிரியாக இருக்கும். மேலிருக்கும் இழை துணியோடு ஒட்டும், கீழே இருப்பது தனியாக நகரும். பஞ்சே தகடாக இருந்தால்தான் ஸ்ப்ரே வேலை செய்யும்.

ரொறன்ரோ_தையல்

இஞ்ச குளிர் நாட்டில இருக்கிற ஆக்களுக்கு ரெண்டு விசயம். பேஸ்மென்ற்றில வைச்சு ஸ்பிறே அடிக்கிற ஆக்கள் கனபேர். அங்கதான் வீட்டைச் சூடாக்கிற காஸ் ஃபேர்னஸும் சுடுதண்ணித் தாங்கியும் நிக்கும். பழைய தாங்கிகளில அடியில சின்னச் சுவாலை எந்நேரமும் எரிஞ்சுகொண்டிருக்கும். நூல்கண்டு சொன்ன மாதிரி வாயு நிலத்தோட படியிறது. அந்த இடம் சரிவராது.

அதுக்காகக் குளிர்காலத்தில கராஜுக்குப் போனாலும் பிழையாப் போகும். டப்பா குளிர்ந்தால் உள்ளுக்கு அழுத்தம் குறைஞ்சு, பனிப்புகை மாதிரி வராமல் கட்டி கட்டியாகத் துப்பும். அந்தக் கட்டி விழுந்த இடத்திலதான் பிறகு ஊசி ஒட்டும். டப்பாவை முதல் நாளே வீட்டுக்குள்ள எடுத்து வைச்சு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பாவியுங்கோ. சுடுதண்ணிக்குள்ள வைக்கிறது, ஹீட்டருக்குப் பக்கத்தில வைக்கிறது ரெண்டும் கூடாது.

நான் செய்யிற முறை சுவரில. பின்துணியைச் சுவரில பின் பண்ணித் தொங்கவிட்டு, பேட்டிங்கை மேல்விளிம்பில பொருத்திக்கொண்டு, மேலயிருந்து கீழ பட்டை பட்டையாக அடிச்சுத் தடவிக்கொண்டு வாறது. குனியத் தேவையில்லை. துணி தன்ர பாரத்தில தானே நேராகத் தொங்கும். சுவருக்குப் பின்னால பழைய பெட்ஷீற் ஒன்று கட்டாயம்.

ஊசிமுனைக்கு ஒரு கேள்வி. ஸ்பிறே அடிச்சாலும் ஓரத்துக்கு ஊக்குக் குத்துவீங்களா?

ஊசிமுனை

கட்டாயம். ஸ்ப்ரே பிடி விடுவது எப்போதும் ஓரத்தில்தான். குவில்டைச் சுருட்டி மெஷினின் கழுத்துக்குள் நுழைத்து இழுக்கும்போது ஓரம் மடங்கும், தேயும், பிரியும். அதனால் ஒட்டி முடித்ததும் சுற்றிலும், மேல்துணி விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே, நீளத் தையலாக ஒரு கோடு ஓட்டுங்கள். பைண்டிங் (ஓரத்தை மூடும் பட்டி) வைக்கும்போது அது உள்ளே மறைந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை. அதோடு நடுப்பரப்பில் ஓரடிக்கு ஒரு ஊக்கு. உங்கள் அளவுக்கு 35, 40 ஊக்கு வரும். 330-க்கு இது ஒன்றுமேயில்லை. ஃப்ரீ மோஷன் செய்யும் பார்டரில் மட்டும் கொஞ்சம் நெருக்கமாகப் போடுங்கள். அங்கே குவில்ட் எல்லாத் திசையிலும் இழுபடும்.

கச்சாநூல்

கையால் தைப்பவர்களை யாரும் பேசவில்லை. கையால் குவில்ட் தைக்க ஸ்ப்ரே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய பிசின் மெஷின் ஊசிக்குப் பெரிதாகத் தெரியாது, அதைத் தள்ளுவது மோட்டார். கை ஊசிக்கு ஒவ்வொரு குத்திலும் அந்த இழுவை தெரியும், விரல் நுனி மரத்துப் போகும். வளையத்தில் மாட்டித் தைப்பவர்களுக்கு ஊக்கும் இடைஞ்சல். இவர்களுக்கு நூலால் இழையோட்டுவதே சரி.

இழையோட்டுவதற்கு வெள்ளை நூல், நீண்ட ஊசி. அடர் நிற நூலின் சாயம் வெளிர்த் துணியில் இறங்கலாம். நடுவில் தொடங்கி முதலில் கூட்டல் குறி போல இரண்டு கோடு, பிறகு 4 முதல் 6 அங்குலத்துக்கு ஒரு கோடு, குறுக்கும் நெடுக்கும். ஒவ்வொரு தையலும் ஒன்றரை முதல் இரண்டு அங்குல நீளம். நூலை முழு நீளத்துக்குக் கோட்டின் நடுவிலிருந்து எடுத்து, பாதியை ஒரு பக்கமும் மீதியை மறுபக்கமும் ஓட்டினால் வழியில் முடிச்சு வராது. கடைசியில் பிரிக்கும்போது நாலு தையலுக்கு ஒரு முறை வெட்டி உருவிவிடலாம்.

பட்டுக்கும் இதேதான். பழைய காஞ்சிபுரம் புடவையில் சுவர்த்தொங்கல் செய்கிறவர்கள் ஸ்ப்ரே பக்கம் போகவே வேண்டாம். தற்காலிக ஸ்ப்ரே துவைத்தால் போகும் என்பதுதான் அதன் உத்தரவாதம். ஜரிகைப் பட்டைத் தண்ணீரில் போட முடியாது, ஆகவே பிசின் உள்ளேயே தங்கும். ஊக்கும் பட்டில் ஓட்டை விடும், அந்த ஓட்டை பருத்தியில் மூடுவது போல மூடாது. மெல்லிய ஊசி, மெல்லிய பட்டு நூல், கூடுமானவரை தையல் இணைப்புகளை ஒட்டியே இழையோட்டுங்கள்.

பருத்திப்பூ

தைக்கும்போது ஊசியில் பிசின் ஏறினால் என்ன செய்வது? ஒட்டியதும் இஸ்திரி போட வேண்டுமா? டப்பாவில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மைதாப் பசை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைப் பசை போட்டு ஒட்டுவதையும் பார்த்தேன்.

திருப்பூர்_எம்ப்ராய்டரி

ஊசி விஷயம் எங்க தினசரி வேலைங்க. பிசின் ஏறினா மூணு அறிகுறி: தையல் விட்டு விட்டு விழும், மேல் நூல் பஞ்சு பிரிஞ்சு அறுந்து போகும், ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்பும். நூல் டென்ஷனைத் திருகறதுக்கு முன்னாடி ஊசியைப் பாருங்க.

காரணம் மூணு இருக்குங்க. அளவுக்கு மீறி அடிச்சது, இல்ல அடிச்ச ஈரம் காயறதுக்குள்ள தைச்சது. ஒட்டிட்டுக் குறைஞ்சது அரை மணி நேரம் விடுங்க, ராத்திரி ஒட்டிக் காலையில தைச்சா இன்னும் நல்லது. மூணாவதா வேகம்: ஃபுல் ஸ்பீடுல ஓட்டினா உரசல்ல ஊசி சூடேறும், சூட்டுல பிசின் இளகி ஒட்டும். நடுத்தர வேகம் போதும்.

90/14 அளவுல குவில்டிங் ஊசியோ டாப்ஸ்டிச் ஊசியோ போடுங்க. பிசின் ஒட்டாத பூச்சுள்ள ஊசி தனியாவே வருது, ஷ்மெட்ஸ், ஆர்கன் ரெண்டு கம்பெனியும் போடறாங்க. ஏறிட்டா, மெஷினை ஆஃப் பண்ணிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால ஊசியை மேலிருந்து கீழ துடைங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி தேய்க்கிற சின்ன ஸ்வாப் பாக்கெட் மருந்துக்கடையில கிடைக்கும், அதே போதும். ஊசித் தட்டைக் கழற்றி பாபின் பக்கமும் பஞ்சுத் தூசியைத் தட்டுங்க. பிசினோட சேர்ந்த தூசி ஊதினா போகாது, பிரஷ் வேணும். தையல் நீளம் 3 மி.மீ. வைங்க.

நூல்கண்டு

இஸ்திரி பற்றி: டப்பாவில் சூடு கூடாது என்று போட்டிருந்தால் அதோடு முடிந்தது. எதுவும் இல்லையென்றால் கழிவுத் துணியில் சோதித்துவிட்டு, பருத்திப் பேட்டிங்குக்கு மட்டும், ஆவியில்லாமல் மிதமான சூட்டில் பின்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி எடுங்கள். தேய்த்து இழுக்காதீர்கள். காற்றுக் குமிழிகள் அடங்கும், பிடியும் கூடும். ஜன்னலைத் திறந்து வைத்தே செய்யுங்கள். பாலியஸ்டர் அதிகமான பேட்டிங்கில் சூடு பட்டால் இழை தட்டையாகிவிடும், மறுபடி உப்பாது.

குமிழி பெரிதாக இருந்தால் இஸ்திரியால் அமுக்கி மறைக்க வேண்டாம். அந்தப் பக்கத்து ஓரத்திலிருந்து துணியை மெதுவாக உரித்து, மறுபடி தடவி ஒட்டுங்கள். இரண்டு மூன்று தடவை உரித்து ஒட்டலாம், அந்த வசதிக்காகத்தானே இந்த ஸ்ப்ரே. அதற்குமேல் பிடி குறைந்தால் அந்த இடத்துக்கு மட்டும் லேசாக அடித்தால் போதும். ஒட்டி முடித்ததும் குவில்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை உள்ளங்கையால் ஒருமுறை முழுக்கத் தடவிப் பாருங்கள். பின்துணிச் சுருக்கத்தை இந்த நேரத்தில் சரிசெய்வது சுலபம், மூன்று கோடு தைத்த பிறகு பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கச்சாநூல்

பசை பற்றி. துவைத்தால் போகும் என்று எழுதியிருக்கும் பள்ளிக்கூட வெள்ளைப் பசை பருத்திக்கு நல்ல மாற்று, தீ அபாயமும் ஆவியும் இல்லை. மெல்லிய முனை வைத்து நூல் போலக் கோடு இழுத்து, துணியை வைத்து, உலர்ந்த இஸ்திரியால் காயவையுங்கள். தடித்த சொட்டு விழுந்தால் காய்ந்து கல்லாகும், ஊசி அங்கே திணறும். மரவேலைக்கான வெள்ளைப் பசை வேறு, அது காய்ந்தால் தண்ணீரில் கரையாது. பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் எடுத்துவிடாதீர்கள்.

மைதாப் பசையும் ஒட்டும், துவைத்தால் போகும். ஆனால் ஒட்டி வைத்துவிட்டு வாரக்கணக்கில் தைப்பவர்களுக்கு ஆகாது. மாவுக்குக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். ஒட்டிய கையோடு தைத்து, உடனே துவைக்க முடியுமானால் மட்டும் பாருங்கள்.

பருத்திப்பூ

அப்படியென்றால் ஸ்ப்ரே, சுற்றிலும் தையல், ஓரடிக்கு ஒரு ஊக்கு என்று போகிறேன். கடைசியாக இரண்டு. பின்துணி ராஜஸ்தான் சாங்கனேர் கை அச்சு, சிவப்பும் கருநீலமும். முதல் துவையல் எப்படி? டப்பாவில் மீதி இருப்பதை எப்படி வைப்பது?

ஊசிமுனை

கை அச்சுத் துணியென்றால் ஒட்டுவதற்கு முன்பே துவைத்தாக வேண்டும், பருத்திப்பூ. ஸ்ப்ரேயைப் போக்கக் குவில்டை எப்படியும் நனைப்பீர்கள். சிவப்பு அப்போதுதான் முதல்முறை தண்ணீர் பார்க்கிறது என்றால் மேல்துணியின் வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிடும். பின்துணியைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில், சாயம் இறங்குவது நிற்கும் வரை அலசுங்கள். பிறகு ஈரத்தோடு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அழுத்திப் பாருங்கள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் போதும். முன்பே துவைப்பதால் துணி சுருங்குவதும் அதிலேயே முடிந்துவிடும். 5 மீட்டர் வாங்கச் சொன்ன இடத்தில் கால் மீட்டர் கூட்டி வாங்குங்கள். 5 மீட்டரே வாங்கியாகிவிட்டது என்றால் பக்கத்துக்கு 3 அங்குலம் என்பதை 2 ஆக்கிக்கொள்ளலாம், பேட்டிங்கையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

குவில்ட் முடிந்து பைண்டிங் வைத்ததும், ஊக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள். குத்தும்போதே எண்ணி ஒரு சீட்டில் எழுதி வைத்தால் இந்த வேலை சுலபம். பிறகு குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, மெஷினில் ஜென்டில் ஓட்டம். இரண்டாவது அலசலுக்குப் பிறகு கையால் தடவினால் பிசுபிசுப்பு எங்கும் இருக்கக் கூடாது. இருந்தால் இஸ்திரியோ வெந்நீரோ காட்டாமல் அதே போல இன்னொரு முறை துவையுங்கள். கொடியில் ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட வேண்டாம், ஈரக் கனம் தையலை இழுக்கும். நிழலில் இரண்டு மூன்று கயிற்றில் பரப்பிப் போடுங்கள்.

திருப்பூர்_எம்ப்ராய்டரி

மீதி டப்பாவுக்கு நான் சொல்றேங்க. வேலை முடிஞ்சதும் டப்பாவைத் தலைகீழாப் பிடிச்சு, பழைய துணியில ரெண்டு நொடி அழுத்துங்க. பிசின் நின்னு வெறும் வாயு மட்டும் வரும், முனை அடைக்காது. அதையும் மீறி அடைச்சா முனையைக் கழற்றி ஆல்கஹால்ல ஊறப்போட்டுத் துடைச்சு மாட்டுங்க. டப்பாவில மாட்டியிருக்கும்போது குண்டூசியால குத்தக் கூடாதுங்க. மூடி போட்டு, நிமிர்த்தி, அடுப்படிக்கும் வெயிலுக்கும் தள்ளி, பிள்ளைங்க கைக்கு எட்டாத அலமாரியில வைங்க. காலியான பிறகும் ஓட்டை போடவோ, குப்பையோட சேர்த்து எரிக்கவோ கூடாது.